ரட்வான்ஸ்கா: இருபது பட்டங்களும் கிடைக்காத ஒன்றும்

13 ஜூலை 2025

போலந்தின் முன்னாள் டென்னிஸ் வீராங்கனை அக்னியெஷ்கா ரட்வான்ஸ்காவைப் பற்றி, அதே நாட்டின் இகா ஸ்வியாடெக்கோடு ஒப்பிட்டு ஒரு வாசகர் எழுதியிருப்பது இது: "இகா ஸ்வியாடெக் நேற்று விம்பிள்டனையும் வென்றுவிட்டார். இனிமேலும் அக்னியெஷ்கா ரட்வான்ஸ்கா அழகாக ஆடினார் என்று எத்தனை நாள்தான் பேசிக்கொண்டிருப்பது? ஒரு கிராண்ட் ஸ்லாம் இல்லை, முதலிடம் இல்லை, எதிராளியை அடித்து வீழ்த்த ஓர் ஆயுதமும் இல்லை."

முதல் இரண்டையும் மறுக்க வழியில்லை. அவருடைய உச்ச தரவரிசை 2. அது 2012 ஜூலையில் கிடைத்தது. கிராண்ட் ஸ்லாம் (மெல்போர்ன், பாரிஸ், விம்பிள்டன், நியூயார்க் என்ற நான்கு பெரிய போட்டிகள்) இறுதிப்போட்டி ஒன்றுதான், அதிலும் தோல்வி. மூன்றாவதை மட்டும் நான் ஏற்கவில்லை. ஆயுதம் இல்லாதவர் மகளிர் டென்னிஸ் சங்கத்தின் (டபிள்யூடிஏ) 20 ஒற்றையர் பட்டங்களை வெல்ல முடியாது. அவற்றுள் 2012 மயாமி, 2011 மற்றும் 2016 பெய்ஜிங், 2014 மாண்ட்ரியல், 2015 சிங்கப்பூர் ஆண்டு இறுதிப் பட்டம் ஆகியவை உதிரிப் போட்டிகள் அல்ல. மயாமியில் ஷரபோவாவை 7-5, 6-4 என்று வென்ற ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஆயுதம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஆயுதம் வேகமாக இல்லாததால் கண்ணில் படுவதில்லை.

13 ஜூலை 2025, இரவு

ஸ்வியாடெக் நேற்று அனிசிமோவாவை 6-0, 6-0 என்று வென்றதால் எல்லோரும் அந்த எண்ணையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2013 ஜனவரியில் சிட்னி இறுதிப்போட்டியில் டொமினிகா சிபுல்கோவாவை ரட்வான்ஸ்கா வென்றதும் 6-0, 6-0 என்றுதான். சிபுல்கோவா அதை மறக்கவில்லை என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

15 ஜூலை 2025

2012 விம்பிள்டன் இறுதிப்போட்டியைப் பற்றி இங்கே இருவர் சண்டையிட்டுக்கொள்கிறார்கள்: ஒருவருக்கு அது கைநழுவிய வாய்ப்பு, மற்றவருக்கு வாய்ப்பே இல்லாத ஆட்டம். நான் நெடுநாளாக இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன். முதல் செட் 6-1. ரட்வான்ஸ்கா மூச்சுக்குழாய்த் தொற்றோடு களமிறங்கியிருந்தார். எதிரே செரீனா வில்லியம்ஸ், அந்த ஒரே தொடரில் அவர் அடித்த ஏஸ்கள் (எதிராளி தொடவே முடியாத சர்வீஸ்கள்) 102, இறுதிப்போட்டியில் மட்டும் 17. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் வாய்ப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தோன்றும்.

நேற்று அதை மறுபடியும் முழுமையாகப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் செட்டுக்குப் பிறகு மழை வந்து ஆட்டம் சிறிது நேரம் நின்றது. திரும்பி வந்தவர் இரண்டாவது செட்டிலும் பின்தங்கித்தான் இருந்தார்; ஆனால் செரீனாவைக் கோட்டுக்கு வெளியிலிருந்து குனிந்து அடிக்க வைத்தார், முன்னே இழுத்தார், மறுபடியும் பின்னே தள்ளினார், அந்த செட்டை 7-5 என்று எடுத்துக்கொண்டார். மூன்றாவது செட்டில் 2-1 என்று முன்னிலையும் அவரிடம்தான் இருந்தது. அடுத்த கேமில் செரீனா நான்கு ஏஸ்களை ஒரு நிமிடத்துக்குள் அடித்து முடித்தார். பந்து ராக்கெட்டில் பட்டால்தானே ரட்வான்ஸ்கா எதையாவது செய்ய முடியும்? அங்கிருந்து ஆட்டம் 6-2 என்று முடிந்தது. வென்றிருந்தால் அடுத்த வாரத் தரவரிசைப் பட்டியலில் முதலிடமும் அவருக்கே வந்திருக்கும் என்பதால், அந்த ஒரு கேம் இரண்டு கனவுகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

செரீனாவுக்கு எதிராக அவருடைய கணக்கு பத்துக்குப் பூஜ்யம். நாடுகளுக்கிடையே ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஹாப்மன் கோப்பையில் 2015இல் வென்றாரே என்று யாரோ எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வென்றார், போலந்து வீரர் ஜானோவிச்சோடு சேர்ந்து கோப்பையையும் போலந்துக்குக் கொண்டுபோனார், ஆனால் அந்த வெற்றி அதிகாரபூர்வக் கணக்கில் சேராது.

16 ஜூலை 2025

"விம்பிள்டன் இறுதிக்கு வந்த முதல் போலந்துப் பெண்" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பதில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும்: ஓப்பன் காலத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் அனுமதித்த 1968க்குப் பிறகு, முதல் பெண். யாட்விகா யெஞ்சேயோவ்ஸ்கா 1937இல் விம்பிள்டன் இறுதிப்போட்டியில் டோரதி ரவுண்டிடம் மூன்றாவது செட்டை 7-5 என்று இழந்தார். அதே ஆண்டு அமெரிக்காவிலும், 1939இல் பாரிஸிலும் இறுதி வரை வந்து தோற்றார். அதன் பிறகு போர் வந்துவிட்டது. அவரும் ரட்வான்ஸ்காவும் பிறந்த ஊர் ஒன்றே: கிராக்கோவ். மூன்று இறுதிப்போட்டிகளில் தோற்றவரை இன்று போலந்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், முதலில் கேள்வி கேட்டவர் தம் கட்சிக்கு அதையே சான்றாக எடுத்துக்கொள்வார் என்பதும் எனக்குத் தெரியும்.

19 ஜூலை 2025

உண்மையிலேயே கைநழுவியது 2013தான். அந்த விம்பிள்டனில் முன்னணி வீராங்கனைகளான ஷரபோவா, அசரென்கா இருவரும் தொடக்கத்திலேயே வெளியேறிவிட்டார்கள். செரீனாவை நான்காம் சுற்றில் சபைன் லிசிக்கி வீழ்த்திவிட்டார். கால் இறுதியில் லி நாவைத் தாண்டி வந்த ரட்வான்ஸ்காதான் எஞ்சியிருந்த நால்வரில் தரவரிசையில் முதலில் நின்றவர், முந்தைய ஆண்டு இறுதிப்போட்டியும் ஆடியவர். மறுபக்க அரையிறுதியை வென்று காத்திருந்தவர் மரியன் பார்டோலி. இதைவிடத் திறந்த கதவு ஒருவருடைய வாழ்நாளில் இரண்டு முறை வராது.

லிசிக்கிக்கு எதிரான அரையிறுதியில் மூன்றாவது செட்டில் 3-0 என்று முன்னேறினார். முடிவு: 6-4, 2-6, 9-7 என்று லிசிக்கிக்கு வெற்றி. ஆட்டம் முடிந்ததும் ரட்வான்ஸ்கா முகம் பார்க்காமல் கைகுலுக்கிவிட்டுப் போனதைப் பண்பில்லாத செயல் என்று அன்றைக்குப் பலர் எழுதினார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அந்த ஆட்டத்தில் எதை இழந்தோம் என்பதை வலைக்கு நடந்து வருவதற்குள்ளேயே அவர் கணக்குப் போட்டிருப்பார்.

20 ஜூலை 2025

"அப்படி என்னதான் ஆயுதம்? விளக்கமாக எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள்.

1.73 மீட்டர் உயரம். இன்றைய மகளிர் டென்னிஸில் அது பெரிய உயரம் இல்லை. இரண்டாவது சர்வீஸ் மெதுவானது, அதை எல்லோரும் முன்னே வந்து அடித்தார்கள். ஃபோர்ஹேண்டில் ஒரே அடியில் புள்ளியை முடிக்கும் கனம் கிடையாது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு மீதி இருப்பதைப் பார்க்க வேண்டும். எதிராளி அடித்த பந்து தரையிலிருந்து எழும்பும்போதே எதிர்கொள்வார். அதனால் எதிராளியின் வேகமே திரும்பிப் போகும், இவர் திசையை மட்டும் மாற்றுவார். வலையை ஒட்டி மெல்ல விழவைக்கும் டிராப் ஷாட்டுக்கும் நீளமான பேக்ஹேண்டுக்கும் ராக்கெட்டைப் பின்னே எடுக்கும் விதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்பதால், எதிராளி முன்னே ஓடுவதா நின்ற இடத்திலேயே நிற்பதா என்று தீர்மானிக்கும் நேரத்தை இழப்பார். பந்து காலடியில் ஆழமாக விழும்போது மற்றவர்கள் பின்னால் நகர்வார்கள். இவர் நகராமல் முழங்கால் தரையைத் தொடும் அளவுக்கு உட்கார்ந்து, அந்த நிலையிலிருந்தே கோட்டை ஒட்டி அடிப்பார். ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டின் சிறந்த ஷாட் விருது 2013 முதல் 2017 வரை தொடர்ந்து அவருக்கே போனது. அதில் முதலாவது, மயாமியில் கிர்ஸ்டன் ஃபிளிப்கென்ஸுக்கு எதிராக உடம்பை முழுச் சுற்றாகச் சுழற்றி, பந்து தரையில் படும் முன்பே அடித்த வாலி.

உட்கார்ந்து அடிப்பதை எங்கள் பகுதி சிமெண்ட் மைதானத்தில் நானும் முயன்றிருக்கிறேன். பந்து வலைக்குப் போனது, நான் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, அந்த நிலையிலிருந்து அடுத்த பந்துக்கு எழுந்து ஓடுவதுதான் கடினம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் அதை ஓர் ஆட்டத்தில் பல முறை, ஆண்டு முழுவதும், பத்துப் பதினைந்து நாடுகளின் கடினத் தரைகளில் செய்துகொண்டிருந்தார்.

23 ஜூலை 2025

மேலே எழுதியதைத் தொடர்ந்து யோசித்ததில் ஒரு விடை கிடைத்ததாக நினைக்கிறேன். அவருடைய ஆட்டம் எதிராளியின் பந்தை மூலதனமாகக் கொண்டது. எதிராளி சாதாரணமாக ஆடும் நாளில் அந்த மூலதனத்தைப் பெருக்கி வென்றுவிடுவார். எதிராளிக்கு எல்லாமே கோட்டில் விழும் நாளில் அதைத் தடுத்து நிறுத்தத் தம் கையிலிருந்து எடுக்க அவரிடம் எதுவும் கிடையாது. கிராண்ட் ஸ்லாமில் ஏழு பேரை வரிசையாக வெல்ல வேண்டும். அந்த ஏழு பேரில் ஒருத்திக்கு அப்படிப்பட்ட நாள் அமைந்துவிட்டால் கதை முடிந்தது. 2013இல் லிசிக்கி. 2014 மெல்போர்னில் சிபுல்கோவா. 2015 விம்பிள்டன் அரையிறுதியில் முகுருசா.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்று 2015 சிங்கப்பூர். எட்டு பேர் மட்டும் ஆடும் அந்தப் போட்டியில் முதலில் நான்கு நான்கு பேராகப் பிரித்து ஒருவரோடு ஒருவர் ஆட வைப்பார்கள். ரட்வான்ஸ்கா முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார்: ஷரபோவாவிடம், பிறகு பென்னெட்டாவிடம். மூன்றாவதில் ஹாலெப்புக்கு எதிராக முதல் செட்டைத் தீர்மானிக்கும் டை பிரேக்கரில் 1-5 என்று பின்தங்கி, அங்கிருந்து தொடர்ந்து ஆறு புள்ளிகளை எடுத்தார். ஷரபோவா பென்னெட்டாவை வென்றதால் ரட்வான்ஸ்கா அரையிறுதிக்குள் நுழைந்தார். அங்கே முகுருசாவை மூன்று செட்டில் வென்றார், இறுதியில் குவிட்டோவாவை 6-2, 4-6, 6-3 என்று வென்றார். இதில் இன்னொரு விசித்திரம், குவிட்டோவாவும் பிரிவு ஆட்டங்களில் இரண்டில் தோற்றுவிட்டுத்தான் இறுதிக்கு வந்திருந்தார். இரண்டு தோல்விகளை மன்னிக்கும் ஒரே பெரிய போட்டியில் ரட்வான்ஸ்கா பட்டம் வென்றார். ஒரு தோல்வியைக்கூட மன்னிக்காத நான்கு போட்டிகளில் வெல்லவில்லை.

24 ஜூலை 2025

சிபுல்கோவா கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2014 ஆஸ்திரேலிய ஓப்பன் கால் இறுதியில் ரட்வான்ஸ்கா அசரென்காவை வென்றது புதன்கிழமை, மறுநாளே அரையிறுதி. 6-1, 6-2 என்று சிபுல்கோவாவிடம் தோற்றார். ஓய்வு நாள் இல்லாததைக் காரணமாகச் சொல்பவர்களுக்கு: சிபுல்கோவாவும் புதன்கிழமைதான் ஆடினார். ஆனால் அவர் ஹாலெப்பை இரண்டே செட்டில், 6-3, 6-0 என்று முடித்துவிட்டுப் போனார். இவர் மூன்று செட் ஓடியிருந்தார். காரணம் பாதி உண்மை என்று வைத்துக்கொள்ளலாம். 2016 விம்பிள்டனிலும் அதே சிபுல்கோவா, மூன்றாவது செட் 9-7. சிட்னியில் கொடுத்த இரண்டு பூஜ்யங்களுக்கு இவ்வளவு வட்டியா என்று தோன்றுகிறது.

27 ஜூலை 2025

என் 23ஆம் தேதிக் கருத்துக்கு வந்த மறுப்புகளில் ஒன்று கனமானது: "எதிராளியின் வேகத்தை வைத்து ஆடுபவர்களுக்கு கிராண்ட் ஸ்லாம் கிடைக்காது என்றால் ஏஞ்சலிக் கெர்பருக்கும் கரோலின் வோஸ்னியாக்கிக்கும் எப்படிக் கிடைத்தது?"

இது என்னைச் சில நாள் எழுத விடாமல் தடுத்த கேள்வி. மூவரும் ஒரே தலைமுறை. மூவருமே வீட்டில் போலிஷ் பேசி வளர்ந்தவர்கள், கெர்பர் ஜெர்மனிக்காகவும் வோஸ்னியாக்கி டென்மார்க்குக்காகவும் ஆடினாலும் பெற்றோர் போலந்துக்காரர்கள். மூவருமே தடுத்து ஆடுபவர்கள். அவர்களில் நுட்பம் அதிகம் உள்ளவர் ரட்வான்ஸ்காதான். 2012 விம்பிள்டன் அரையிறுதியில் கெர்பரை 6-3, 6-4 என்று வென்றவரும் அவரே. கெர்பரிடம் கூடுதலாக இருந்தது இடது கையும், குனிந்த நிலையிலிருந்தே கோட்டை ஒட்டி அடிக்கும் கனமான ஃபோர்ஹேண்டும். வோஸ்னியாக்கியிடம் கூடுதலாக இருந்தது தேயாத கால்கள்.

ஆகவே நான் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஏழு பேரில் ஒருத்தி என்ற தடை மூவருக்கும் பொதுவானது. அந்தத் தடை விலகும் ஆண்டு வரும்வரை களத்தில் நிற்க முடிந்ததா என்பதுதான் வேறுபாடு. கெர்பர் தம் முதல் கிராண்ட் ஸ்லாமை 2016 மெல்போர்னில் 28 வயதில் வென்றார். அதே தொடரின் அரையிறுதியில் ரட்வான்ஸ்காவை 6-0, 6-4 என்று வெளியேற்றிய செரீனாவைத்தான் இறுதியில் வென்றார் என்பது இன்னும் வலிக்கும் செய்தி. வோஸ்னியாக்கி 2018இல் 27 வயதில் வென்றார். ரட்வான்ஸ்காவுக்கு 28 வயது ஆனது 2017 மார்ச்சில். 2016ஐ உலகின் 3ஆம் இடத்தில் முடித்தவர், 2017இல் பாதக் காயத்தோடு ஒரு பட்டமும் இல்லாமல் முதல் இருபது பேருக்கு வெளியே போனார். செரீனா தாய்மைக்காக விலகியிருந்த காலம், ஷரபோவா தடையிலிருந்து அப்போதுதான் திரும்பிய காலம், பாரிஸில் போட்டியின் முன்னணி வரிசையிலேயே (சீடு) இடம்பெறாத ஓஸ்டாபென்கோ வென்ற காலம் அது. வரிசை காலியாக இருந்தபோது அவருடைய பாதம் ஒத்துழைக்கவில்லை.

28 ஜூலை 2025

ஒலிம்பிக்கைப் பற்றிக் கேட்டவருக்கு: 2012 லண்டனில் போலந்துக் கொடியை ஏந்திப் போனார், விம்பிள்டன் மைதானத்திலேயே முதல் சுற்றில் யூலியா கோர்கெஸிடம் தோற்றார். 2016 ரியோவிலும் முதல் சுற்று. அங்கே சொல்வதற்கு ஒன்றுமில்லை.

2 ஆகஸ்ட் 2025

தந்தையைப் பற்றி யாருமே எழுதவில்லை. ராபர்ட் ரட்வான்ஸ்கி ஜெர்மனியில் டென்னிஸ் பயிற்சியாளராக இருந்தவர். இரு மகள்களுக்கும் அவரே பயிற்சியாளர். அக்னியெஷ்கா 2005இலும் தங்கை உர்ஷுலா 2007இலும் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார்கள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பட்டங்கள் வந்ததைத் தந்தையின் உழைப்பாகத்தான் பார்க்க வேண்டும். 2007இல் ஸ்டாக்ஹோமில் அக்னியெஷ்கா வென்றது போலந்துப் பெண் ஒருவர் வென்ற முதல் டபிள்யூடிஏ ஒற்றையர் பட்டம். அதே மாத இறுதியில் தொடங்கிய அமெரிக்க ஓப்பனில் நடப்புச் சாம்பியன் ஷரபோவாவையும் வெளியேற்றினார். அதுவரை தந்தையின் வழி சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

2011இல் பிரிந்தார்கள். போலந்து மகளிர் தேசிய அணியின் (ஃபெட் கோப்பை அணி) கேப்டனாக இருந்த தோமாஸ் விக்டோரோவ்ஸ்கி உடன் பயணிக்கத் தொடங்கினார். அந்த ஆண்டின் பிற்பகுதியிலேயே கார்ல்ஸ்பாட், டோக்கியோ, பெய்ஜிங் என்று மூன்று பட்டங்கள் வந்தன. தந்தையின் கூச்சலிலிருந்து விடுபட்டதால் வந்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது: விக்டோரோவ்ஸ்கி கையில் எடுத்துக்கொண்ட ஆட்டத்தைச் செதுக்கியவர் ராபர்ட். ஆனால் 22 வயதுப் பெண் தம் தவறுகளைத் தந்தையிடம் இல்லாமல் வேறொருவரிடம் பேச விரும்பியதில் எந்த வியப்பும் இல்லை. நவ்ரத்திலோவாவை ஆலோசகராகச் சேர்த்த 2015 முயற்சி சில மாதங்களிலேயே முடிந்துபோனதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்: வலையை நோக்கி அதிகம் வரச் சொல்லும் அறிவுரை அவருடைய கால்களுக்குள் இறங்கவே இல்லை.

முதல் கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. விக்டோரோவ்ஸ்கி 2021 இறுதியிலிருந்து 2024 அக்டோபர் வரை ஸ்வியாடெக்கின் பயிற்சியாளராக இருந்தார். அந்தக் காலத்தில் ஸ்வியாடெக் மூன்று முறை பாரிஸையும் ஒரு முறை நியூயார்க்கையும் வென்றார். உலகின் முதல் ஐந்து பேரோடு வாராவாரம் மோதும் ஒரு போலந்துக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து விக்டோரோவ்ஸ்கி தொழில் கற்றது ரட்வான்ஸ்காவிடம்தான்.

9 ஆகஸ்ட் 2025

விஷயத்திலிருந்து சற்று விலகினாலும் போலந்துக்குள்ளேயே இருக்கிறேன். 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பன் இறுதிப்போட்டிக்குப் போயிருந்தேன். மக்தா லினெட் ஆடினார். 17 வயதான செக் பெண் லிண்டா ஃப்ருவிர்டோவாவிடம் 4-6, 6-3, 6-4 என்று தோற்றார். முதல் செட்டை எடுத்த பிறகும், அந்தப் புழுக்கத்தில், எதிரே இருப்பவர் அடித்துக்கொண்டே இருக்க லினெட் ஒவ்வொரு பந்தையும் திருப்பிக்கொண்டே இருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் "இந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு சார்" என்றார். நான்கு மாதம் கழித்து அதே லினெட் 30 வயதில் ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் நின்றார். ரட்வான்ஸ்கா ஓய்வை அறிவித்தபோது வயது 29. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஜூலை 27ஆம் தேதி எழுதியது இன்னும் உறுதியாகிறது.

6 செப்டம்பர் 2025

விக்டோரோவ்ஸ்கி இப்போது நவோமி ஒசாகாவுடன் இருக்கிறார். மாண்ட்ரியலில் இறுதி, நியூயார்க்கில் அரையிறுதி. அவரைப் பற்றித் தனியாக எழுதச் சொல்கிறார்கள். இங்கே வேண்டாம்.

ரட்வான்ஸ்காவின் 2018ஐப் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன். கடைசி விம்பிள்டனில் முதல் சுற்றில் ருமேனியாவின் கேப்ரியேலா ரூஸுக்கு எதிராக ஆறு மேட்ச் பாயிண்டுகளை (இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற நிலைகளை) காப்பாற்றி வென்றார், அடுத்த சுற்றில் தோற்றார். நவம்பரில் ஓய்வு. முன்போல் பயிற்சி செய்யவும் ஆடவும் உடல் இடம் தரவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். பிரிவுபசார ஆட்டமோ ஊர்வலமோ வைத்துக்கொள்ளவில்லை.

கேள்வி கேட்ட வாசகர் நேற்று எழுதியிருந்தார்: சம்மதிக்கவில்லையாம், ஆனால் ஓர் ஆட்டம் பார்க்கத் தயாராம், எதைப் பார்ப்பது என்று கேட்கிறார். 2012 மயாமி என்று சொல்லலாம்; ஆனால் நான் 2014 மெல்போர்ன் கால் இறுதியைத்தான் சொல்வேன், 6-1, 5-7, 6-0. முழுவதும் பார்க்க நேரமில்லையென்றால் மூன்றாவது செட்டை மட்டும் பாருங்கள். அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அசரென்கா அந்த மைதானத்தில் ஒரு கிராண்ட் ஸ்லாம் ஆட்டத்திலும் தோற்றதில்லை.